உபரித் தோட்டா

நகை வியாபாரம் செய்யும் என் பக்கத்து வீட்டுக்காரர் லைசென்ஸ் பெற்ற .32 ரிவால்வர் வைத்திருக்கிறார். கான்பூரில் செய்தது. சரக்குடன் வெளியூர் போகும்போது கோட்டுக்குள் இருக்கும். ஒருநாள், "ஆறு தோட்டா போதுமா, பையில் இன்னும் ஆறு போட்டுக்கொள்ளட்டுமா? நீங்கள் இன்ஜினியர், சொல்லுங்கள்" என்றார்.

1970 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து நியூஹாலில் நடந்ததைச் சொன்னேன். இரண்டு குற்றவாளிகளுடன் நடந்த மோதலில் நெடுஞ்சாலைப் போலீஸார் நால்வர் இறந்தனர். அவர்களில் ஒருவர் ரிவால்வரின் ஆறு குண்டுகளையும் சுட்டுவிட்டு, உதிரித் தோட்டாக்களைக் கையால் நிரப்பிக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். உபரி இருந்தது, நேரம்தான் இல்லை. ஆறையும் ஒரே தடவையில் செருகும் ஸ்பீட்லோடர் அதன் பிறகே அந்தப் போலீஸாருக்குக் கிடைத்தது.

பிஸ்டலில் கணக்கு வேறு. மேகஸினின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, வாய் நசுங்கினாலோ தோட்டா ஏறாது. அங்கே உபரி மேகஸின் என்பது பழுதுக்கு மாற்று.

ரயிலில் கார்டு கொண்டுபோகும் டெட்டனேட்டரும் ஏறக்குறைய தோட்டா மாதிரிதான். எண்ணிக்கையோடு நிறுத்தமாட்டோம், தயாரித்த வருடத்தையும் பார்ப்போம்.

"உங்கள் தோட்டா எந்த வருடத்தது?"

"துப்பாக்கியோடு வாங்கியது. பதினோரு வருடம் ஆயிற்று. ஒன்றுகூடச் சுட்டதில்லை."

"முதலில் அந்த ஆறையும் மாற்றுங்கள். ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பழகுங்கள். லைசென்ஸ் புத்தகத்தில் எத்தனை தோட்டாவுக்கு அனுமதி என்றும் பாருங்கள். உபரியைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்றேன்.