‘என்னால் முடியாது’: குடி, சித்தம், கிருபை

எங்கள் குழுவில் ஒரு தோழர் இருந்தார். பெயர் வேண்டாம். நாலு பேர் முன்னால் எழுந்து நின்று ‘இனிமே தொடமாட்டேன்’ என்று அவர் சொன்னதை மூன்று முறை கேட்டிருக்கிறேன். மூன்று முறையும் கைதட்டினோம். இரண்டு மாதம் போகும், மூன்று மாதம் போகும். பஸ் ஸ்டாண்டு பக்கம் விழுந்து கிடப்பதாகத் தகவல் வரும். யாராவது சைக்கிளில் போய்த் தூக்கிக்கொண்டு வருவோம். அப்புறம் சுயவிமர்சனக் கூட்டம். அர்ப்பணிப்பு போதவில்லை, குட்டிமுதலாளியக் குணம் போகவில்லை, உறுதி இல்லை - எங்களிடம் இருந்த சொற்கள் இவ்வளவுதான். நாலாவது முறை கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டோம். பிறகு அவர், ஒரு தேவாலயத்துக்குப் பின்பக்கம் வாரந்தோறும் கூடுகிற குடிநோயாளிகளோடு போய் உட்கார ஆரம்பித்தார். உலகம் முழுக்கக் கிளை பரப்பியிருக்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பின் கூட்டம் அது. அங்கே முதலில் ஒத்துக்கொள்ளச் சொன்ன விஷயம் ‘என்னால் முடியாது’ என்பது. ‘கடைசில ஆளு ஜெபத்துல போய் விழுந்துட்டாரு’ என்று சிரித்தோம். ஆனால் அவர் குடியை நிறுத்திவிட்டார்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு பலவீனத்தை மனவுறுதியால் வெல்வது பகுத்தறிவு, விசுவாசத்தில் சாய்ந்து வெல்வது சரணாகதி என்று நாம் கோடு போட்டு வைத்திருக்கிறோம். இந்தக் கோடு எவ்வளவு தூரம் தாங்கும்? நான் விசுவாசி இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கிறித்தவத்துக்குள் இது பழைய சண்டை. தான் விரும்பும் நன்மையைச் செய்ய முடியாமல், வெறுக்கும் தீமையையே செய்துகொண்டிருப்பதாக ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தில் பவுல் புலம்புகிறார். இந்தப் புலம்பலை ஒரு கோட்பாட்டுச் சிக்கலாக ஆக்கியவர், வட ஆப்பிரிக்காவில் 354இல் பிறந்த அகஸ்டீன். 386இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் தான் பட்ட அவஸ்தையை ‘அறிக்கைகள்’ நூலின் எட்டாம் பகுதியில் விவரிக்கிறார். மனம் கையை அசைக்கச் சொன்னால் கை அசைகிறது. மனம் தன்னையே ஒன்றை விரும்பச் சொன்னால் மட்டும் அது நடப்பதில்லை. கட்டளையிடுவதும் அதே மனம், மறுப்பதும் அதே மனம். சித்தம் பிளந்து கிடக்கிறது. பிளந்ததில் ஒரு பாதி இன்னொரு பாதியைக் கட்டி மேய்க்க முடியாது. வெளியிலிருந்து கிருபை வந்தால்தான் உண்டு என்கிறார். தன்னிலை பிளவுண்டது என்று லக்கான் சொன்னால் தலையாட்டுகிற நாம், அகஸ்டீன் சொல்லும்போது மட்டும் அதை மதவாதம் என்று மூடிவைத்துவிடுகிறோம்.

பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த துறவி பெலேஜியஸுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. கடவுள் ஒன்றைச் செய்யச் சொல்கிறார் என்றால், மனிதனால் அதைச் செய்ய முடியும் என்றுதானே பொருள்? ‘முடியாது’ என்பது ஒழுக்கக்கேட்டுக்கான சாக்கு. மேலோட்டமாகப் பார்த்தால் பெலேஜியஸ்தான் நம்மாள்: மனிதச் சுதந்திரத்தின் பக்கம் நிற்பவர், திருச்சபையால் கண்டிக்கப்பட்டவர் (418, கார்த்தேஜ்). அகஸ்டீனுக்கு வக்காலத்து வாங்குவதும் லேசில்லை. தொனாத்தியர் என்ற மாற்றுக் குழுவினரை அரசு பலத்தைக் கொண்டு திருச்சபைக்குள் இழுத்துவருவதை நியாயப்படுத்தியவர் அவர். கிருபையைப் பேசிய வாய்தான் தடியையும் பேசியது. ஆனால் பெலேஜியஸின் உலகில் விழுந்தவனுக்கு என்ன இடம்? அவனால் முடியும், அவன் செய்யவில்லை, ஆகவே அவன் குற்றவாளி. எங்கள் கமிட்டி பெலேஜியஸின் கமிட்டியாகத்தான் இருந்தது.

(தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தாயின் வாயில் சும்மா தொங்கும் பூனைக்குட்டி என்று வடகலையும் தென்கலையும் இதே கேள்வியில்தான் பிரிந்தன. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

இந்த இறையியல் தகராறு 1930களில், அமெரிக்காவில், மூடப்பட்ட தத்துவ அறைகளை விட்டு ஒரு குடிகாரனின் படுக்கையருகே வந்து நின்றது. அப்போது ஃபிராங்க் புக்மன் என்ற லூத்தரன் போதகர் நடத்திய ‘ஆக்ஸ்ஃபோர்டு குரூப்’ என்ற மறுமலர்ச்சி இயக்கம் பிரபலம். பாவத்தை ஒருவரிடம் ஒருவர் மனம்விட்டுச் சொல்வது, சித்தத்தைக் கடவுளிடம் ஒப்படைப்பது, பாதிக்கப்பட்டவர்களிடம் போய் ஈடுசெய்வது - இவை அதன் வழிமுறைகள். பணக்காரர்களையும் பிரமுகர்களையும் தேடிப்போகும் இயக்கம் அது. கம்யூனிசத்துக்கு எதிராக அரண் எழுப்பினார் என்பதற்காக ஹிட்லரைப் போன்ற ஒரு மனிதருக்கு வானகத்தைப் போற்றி 1936இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் பேட்டி கொடுத்தவர் புக்மன். நாம் எழுதப்போகும் விஷயத்தின் ஊற்று இவ்வளவு கலங்கலானது. இதை மறைக்க வேண்டியதில்லை.

பில் வில்சன் நியூயார்க்கில் பங்குச்சந்தை ஆய்வாளராக இருந்து குடியால் அழிந்துகொண்டிருந்தவர். 1934 நவம்பரில் அவருடைய பழைய குடித்தோழர் எபி தாச்சர் வீட்டுக்கு வந்தார். கிளாஸை நீட்டினால் வேண்டாம் என்கிறார்! ஆக்ஸ்ஃபோர்டு குரூப்பில் சேர்ந்துவிட்டேன் என்றார். அடுத்த மாதம் டவுன்ஸ் மருத்துவமனையில் கிடந்தபோது வில்சனுக்கு அறை முழுக்க ஒளி நிறைந்த அனுபவம் கிடைத்தது. அங்கே கொடுக்கப்பட்ட பெல்லடோனா மருந்தின் வேலை அது என்று சொல்ல இடமிருக்கிறது; தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அவரே பயந்து டாக்டரைக் கேட்டார். எப்படியோ, குடி நின்றது. ஆனால் முக்கியமான கட்டம் இதற்குப் பிறகுதான். அடுத்த சில மாதங்கள் குடிகாரர்களைத் தேடித்தேடித் தன் ஒளியைப் பிரசங்கித்தார். ஒரு ஆள்கூட நிறுத்தவில்லை.

1935 மே மாதம் ஒரு வியாபார விஷயமாக ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குப் போனார். காரியம் கெட்டது. கையில் காசில்லை, ஊரில் தெரிந்தவர் இல்லை. மேஃபிளவர் ஓட்டலின் முன்கூடத்தில் ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் தொலைபேசி. தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலைப் பார்த்துப் போதகர் ஒருவரை அழைத்து, பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கைமாறிக் கைமாறிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித், அறுவைச் சிகிச்சை நிபுணர். மறுநாள் மாலை சந்தித்தார்கள். கால்மணி நேரத்துக்குமேல் உட்காரமாட்டேன் என்று வந்தவர் பலமணி நேரம் உட்கார்ந்துவிட்டார். ஜூன் 10ஆம் தேதியை அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கொண்டு, அதையே தங்கள் அமைப்பு பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள்.

இதில் விசுவாசத்தைப் பிரசங்கிப்பவர்களும் விசுவாசத்தைக் கேலிசெய்பவர்களும் சேர்ந்து தவறவிடுகிற தகவல் ஒன்று உண்டு. வில்சனைப் பார்ப்பதற்கு முன்பே டாக்டர் பாப் இரண்டரை ஆண்டுகளாக ஆக்ஸ்ஃபோர்டு குரூப்பில்தான் இருந்தார். பைபிள் வாசித்தார், ஜெபித்தார், கூட்டங்களுக்குப் போனார், குடித்தார். விசுவாசத்துக்கு அவரிடம் பஞ்சமில்லை. அப்படியானால் அந்த மாலையில் புதிதாக என்ன நடந்தது? வந்தவர் அவரைக் காப்பாற்ற வரவில்லை. ‘உங்களோடு பேசாவிட்டால் நான் குடித்துவிடுவேன்’ என்ற நிலையில் வந்திருந்தார். போதகரும் மருத்துவரும் மனைவியும் மேலே நின்று கீழே கைநீட்டியவர்கள். இவர் அதே பள்ளத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்.

பாவசங்கீர்த்தனம் பற்றி ஃபூக்கோ எழுதியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பேசுகிறவனைக் காட்டிலும் கேட்கிறவனிடமே அதிகாரம் குவிகிறது என்பது அவர் வாதம். சுயவிமர்சனக் கூட்டங்களுக்கு அது அச்சாகப் பொருந்தும். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவன் அடுத்த நிமிடம் தானும் அதே குற்றத்தைச் சொல்லப்போகிறவனாக இருந்தால் அதிகாரம் எங்கே போய் உட்காரும்? தீர்ப்புச் சொல்ல அந்த அறையில் ஆளில்லை.

1939இல் இவர்கள் வெளியிட்ட நூலில்தான் பன்னிரண்டு படிகள் வருகின்றன. முதல் படி, மதுவின் முன் தங்கள் வலுவின்மையை ஒப்புக்கொள்வது. மூன்றாவது, சித்தத்தைக் கடவுளிடம் ஒப்படைப்பது. வரைவின்போது குழுவுக்குள்ளிருந்த நாத்திகர்கள் கடும் சண்டை போட்டார்கள். அதன் விளைவாக, அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்ற தொடர் நுழைந்தது. ஏழாம் படியிலிருந்த ‘முழந்தாளிட்டு’ என்பது வெட்டப்பட்டது. கடவுளின் வரையறையை ஓட்டெடுப்பு மாதிரி பேரம்பேசி இளக்கிய மத ஆவணம் அபூர்வம்! படிகள் ‘நாங்கள்’ என்று தொடங்குகின்றன, ‘நான்’ என்று தொடங்கவில்லை.

இதைக் கோட்பாட்டளவில் முதலில் கூர்மையாகப் பார்த்தவர் கிரிகரி பேட்சன். மானுடவியலாளர், மரபணுவியலின் முன்னோடியான வில்லியம் பேட்சனின் மகன், நாத்திக வீட்டில் வளர்ந்தவர். கலிபோர்னியாவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையொன்றில் குடிநோயாளிகளோடு வேலைபார்த்த அனுபவத்திலிருந்து ‘தான்’ என்பதன் சைபர்னெட்டிக்ஸ் பற்றி 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். குடிகாரனின் பிரச்சினை குடித்திருக்கும்போது இல்லை, குடிக்காமலிருக்கும்போதுதான் இருக்கிறது என்று ஆரம்பிக்கிறார். தெளிந்திருக்கும் வாழ்க்கையில் ஏதோ கோளாறு. அதற்கான குறுக்குவழித் திருத்தமாகத்தான் குடி வருகிறது. அந்தக் கோளாறு என்ன? என்னை ஆள்பவன் நான், என் உடம்பும் ஆசையும் எனக்குக் கீழே என்று தன்னை இரண்டாக வெட்டிக்கொண்டு வாழ்வது. பாட்டில் எதிரி, நான் வீரன். இரண்டு பேருக்கும் போட்டி.

போட்டிக்கென்று ஒரு தர்க்கம் உண்டு. எதிரி பலமாக இருக்கும்வரை வீரனுக்கு வேகம் இருக்கும். ஆறு மாதம் குடிக்காமல் இருந்துவிட்டால்? ஜெயித்தாகிவிட்டது, சவால் தீர்ந்துபோயிற்று. இனி வீரத்தைக் காட்ட ஒரே வழி, ஒரு பெக் போட்டுவிட்டு நிறுத்திக் காட்டுவதுதான். ‘நான் ஒண்ணோட நிறுத்திருவேன் தோழர்’ - இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! இதை உறுதி குறைந்தவனின் பேச்சு என்று நினைத்திருந்தோம். பேட்சனைப் படித்த பிறகு இது உறுதியின் பேச்சு என்று தெரிகிறது. நாங்கள் ஒவ்வொரு முறை கைதட்டியபோதும் அந்த வீரனுக்குத்தான் தீனி போட்டிருக்கிறோம்.

‘முடியாது’ என்பது இந்தப் போட்டியிலிருந்து வெளியேறும் வாக்கியம். தான் ஒரு பெரிய அமைப்பின் பகுதி, பகுதியால் முழுமையைக் கட்டியாள முடியாது என்ற அறிதல்முறை மாற்றம் அது என்கிறார் பேட்சன். இந்த அமைப்பு பேசும் கடவுளைப் பற்றியும் அவர் கவனிக்கிறார்: அந்தக் கடவுள் தண்டிப்பவரில்லை, பரிசு கொடுப்பவருமில்லை. அவரோடு மல்லுக்கட்ட முடியாது, அவ்வளவுதான். விசுவாசம் அந்த அறையில் செய்கிற வேலை இது என்று எனக்குப் படுகிறது: ‘நான் ஆள்கிறேன்’ என்ற இருக்கையைக் காலிசெய்து வைப்பது. அந்த இருக்கையில் கிறிஸ்துவை உட்காரவைப்பவர்கள் உண்டு, கூட்டத்தையே உட்காரவைப்பவர்களும் உண்டு. விசுவாசியான வாசகர் இதை ஏற்கமாட்டார். கிறிஸ்து இல்லாத கிருபை வெறும் உத்தி என்பார். அவருடைய வாதத்துக்கும் இடம் வைக்கிறேன்.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கிய காக்ரேன் மதிப்பாய்வு 2020இல் வந்தது. தொடர்ந்து குடிக்காமலிருப்பதில், இந்தக் கூட்டங்களோடு இணைத்துவிடும் முறைசார்ந்த சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேம்பட்டு நின்றது. எல்லாருக்கும் அல்ல, விழுகிறவர்கள் அங்கேயும் விழுகிறார்கள்.

இனி நமது தரப்பு ஆட்சேபங்கள். ‘முடியாது’ என்று சொல்வது யாருக்கு விடுதலை? ஆள்கிறேன் என்ற இறுமாப்போடு வளர்க்கப்பட்டவனுக்கு. பிறந்ததிலிருந்து ‘உன்னால் முடியாது’ என்று சொல்லிச் சொல்லியே அடக்கப்பட்டவருக்கு? ஜீன் கிர்க்பாட்ரிக் 1975இல் அமெரிக்காவில் பெண்களுக்கென்று தனியாக ஒரு அமைப்பைத் தொடங்கியது இந்த இடத்தில்தான். வலுவின்மை பெண்களுக்குப் புதுப்பாடமில்லை, அவர்களுக்குத் தேவை தன்மதிப்பு என்றார். சேரியிலிருந்து வரும் ஒருவரிடம் ‘உன் அகங்காரத்தை ஒப்படை’ என்று சொல்வதற்கு முன்னால் இதை யோசித்தாக வேண்டும். படிகளை எழுதியவர்கள் பெரும்பாலும் வெள்ளை நடுத்தர வர்க்க ஆண்கள். அவர்கள் விட்டொழிக்க வேண்டியிருந்த ‘தான்’ எல்லாரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை.

இன்னொன்று. வெளிப் பிரச்சினைகளில் கருத்துச் சொல்வதில்லை என்பது இந்த அமைப்பின் விதி. இங்கே 2003 முதல் அரசே சில்லறையில் சாராயம் விற்கிறது. விற்கிறவனைப் பற்றி வாய்திறக்காமல் குடிக்கிறவனை மட்டும் குணப்படுத்தினால் போதுமா? போதாது. ஆனால் கடைக்கு எதிராக மறியல் செய்தபோது எங்கள் பின்வரிசையில் தோழர் தள்ளாடிக்கொண்டு நின்றதையும் பார்த்திருக்கிறேன். மறியல் அவருக்கு எதுவும் செய்யவில்லை.

சமீபத்தில் அவரைப் பார்க்கப் போனேன். கமிட்டி விஷயத்தைப் பேச ஆரம்பித்தேன், கையை அசைத்து நிறுத்திவிட்டார். கடவுள் உண்டா என்று கேட்டதற்கு, ‘அது தெரியாது தோழர், நான் இல்லைங்கறது மட்டும் தெரியும்’ என்றார். நகைச்சுவையா என்று எனக்குப் புரியவில்லை. பேச்சு நீளுவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். இரண்டு தெரு தள்ளி ஒரு பையன் நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறானாம், போய்ப் பார்க்க வேண்டும்.

‘அவனுக்கு ரொம்ப முடியலையா?’ என்று கேட்டேன்.

‘எனக்குத்தான். காலையிலேருந்து மனசு சரியில்ல’ என்றபடி படியிறங்கினார்.