கொலையாளி யார் என்பதோடு கதை முடிவதில்லை: 'வதந்தி' தொடரும் கொட்டகெத்தனவும்

துப்பறியும் தொடர் ஒன்றைப் பார்த்து முடித்தவரிடம் நாம் வழமையாகக் கேட்பது ஒரே கேள்விதான்: "கடைசி எப்படி?" கொலையாளி எதிர்பாராத ஒருவராகவும் நம்பக்கூடிய ஒருவராகவும் இருந்தால் தொடர் நல்லது. இல்லாவிட்டால் செலவழித்த நேரம் வீண். 2022 டிசம்பர் 2ஆம் திகதி அமேசான் பிரைம் வீடியோவில் வெளியான 'வதந்தி' தொடரையும் பெரும்பாலான பார்வையாளர்கள் இந்தத் தராசில்தான் நிறுத்தார்கள். ஆனால் அந்தத் தொடரை அளக்க இந்தத் தராசு போதாது. அது ஏன் என்பது சப்ரகமுவவில் வாழ்பவர்களுக்கு மற்றவர்களை விட இலகுவாக விளங்கக்கூடும்.

தொடரை எழுதி இயக்கியவர் ஆண்ட்ரூ லூயிஸ். 'லீலை', 'கொலைகாரன்' ஆகிய படங்களை இயக்கியவர். தயாரித்தவர்கள் புஷ்கர் - காயத்ரி இணையர். மொத்தம் எட்டு எபிசோட்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் சினிமாப் படப்பிடிப்பு நடந்த இடமொன்றில் ஓர் இளம் பெண்ணின் சடலம் கிடைக்கிறது. இறந்தவர் பிரபல நடிகை என்று செய்தி பரவுகிறது. பிறகு அந்த நடிகை உயிரோடு இருப்பது தெரியவருகிறது. இறந்தவள் வெலோனி, விடுதி நடத்தும் ஆங்கிலோ இந்தியப் பெண்ணான ரூபியின் மகள். வெலோனியாக சஞ்சனாவும் ரூபியாக லைலாவும் நடித்திருக்கிறார்கள். விசாரணையைக் கையில் எடுக்கும் உதவி ஆய்வாளர் விவேக்காக எஸ்.ஜே.சூர்யா. வழக்கு அவரை விழுங்கத் தொடங்குகிறது, வீட்டில் மனைவியோடான வாழ்க்கையும் குலைகிறது.

சப்ரகமுவ தோட்டங்களில் இப்படியான தொடர்களைக் கட்டணம் செலுத்திப் பார்க்கும் வீடுகள் குறைவு. ஆனாலும் தொடர்கள் வந்து சேராமல் இருப்பதில்லை. ஒருவர் தரவிறக்கினால் போதும், தொலைபேசிக்குத் தொலைபேசி கைமாறி லயம் முழுக்கப் போய்விடும்.

பார்த்தவர்களின் தீர்ப்பு ஊருக்கு ஊர் பெரிதாக வேறுபடவில்லை. உரத்துப் பேசி நடிப்பவர் என்று பெயரெடுத்த எஸ்.ஜே.சூர்யா இதில் அடங்கி நடித்திருப்பது பரவலாகப் பாராட்டப்பட்டது. தொடர் நீளம், நடுவில் இழுக்கிறது என்ற குறையும் பரவலாக வந்தது. அடுத்தது முடிவு பற்றியது: இறுதியில் கிடைக்கும் விடை, அதுவரை ஏற்றிவைத்த எதிர்பார்ப்புக்கு ஈடாகவில்லை என்றார்கள்.

இந்த மனக்குறைக்குப் பின்னால் ஒரு மரபு இருக்கிறது. 1929இல் ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகளை எழுதினார். அவரும் துப்பறியும் கதைகள் எழுதியவர். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வாசகருக்கு அறிமுகமானவராக இருக்க வேண்டும் என்பது அவரது முதல் கட்டளை. அதாவது துப்பறியும் கதை வாசகரோடு விளையாடும் ஆட்டம், அதில் ஏமாற்றக் கூடாது. நொக்ஸின் பெயரைக் கேள்விப்படாதவர்களும் இந்த விதியை மனதில் வைத்துக்கொண்டே தொடர் பார்க்கிறார்கள்.

தமிழில் இந்த ஆட்டத்தை மிகத் திறமையாக ஆடிய படம் 1954இல் எஸ்.பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பாடலே இல்லாத அந்தப் படத்தில், சிவாஜி கணேசன் நடித்த பாத்திரம் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறது. விசாரிக்கப்படும் ஒவ்வொருவரும் இன்னொருவர் மீது சந்தேகம் சொல்ல, கொலை எப்படி நடந்திருக்கும் என்பது ஒவ்வொரு விதமாகத் திரையில் விரிகிறது. விமர்சகர்கள் கொண்டாடினாலும், வெளியான காலத்தில் பாட்டும் கூத்தும் எதிர்பார்த்த ரசிகர்களிடம் அது பெரிதாக எடுபடவில்லை.

'வதந்தி'யும் இதே உத்தியைத்தான் எடுக்கிறது. வித்தியாசம் ஒன்று இருக்கிறது. 'அந்த நாள்' படத்தில் மாறிக்கொண்டே இருப்பது கொலைகாரர் யார் என்ற கதை. 'வதந்தி'யில் மாறிக்கொண்டே இருப்பது கொல்லப்பட்டவள் யார் என்ற கதை. ஒருவர் சொல்லும் வெலோனி ஏமாற்றுக்காரி. இன்னொருவர் சொல்லும் வெலோனி ஏமாந்தவள். பத்திரிகைகள் எழுதுகின்றன, ஊர் பேசுகிறது, நாசர் நடித்த எழுத்தாளர் அவளைப் பற்றிக் கதையே எழுதுகிறார். அவளிடம் கேட்க மட்டும் வழியில்லை. ஒரு பெண் செத்த பிறகு, அவளைக் கொன்றவனை விட அவளது நடத்தையைத்தான் சமூகம் அதிகம் விசாரிக்கிறது என்பதே தொடர் சொல்ல வந்த விடயம். கொலையாளி யார் என்ற கேள்வி அதைக் கட்டி இழுத்துப் போகும் கயிறு மட்டுமே.

வதந்தி எப்போது வளர்கிறது என்பதற்கு ஊடகக் கற்கையில் ஒரு பழைய விளக்கம் உண்டு. கோர்டன் ஓல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1947இல் வெளியிட்ட நூலில் சொன்னது: விடயம் மக்களுக்கு முக்கியமானதாக இருக்க வேண்டும், அதைப் பற்றிய தகவல் தெளிவில்லாமல் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வதந்தி பரவும். ஒன்று பூச்சியமானால் வதந்தியும் பூச்சியம்.

இந்தக் கணக்கு இரத்தினபுரி மாவட்டத்தில் உயிர்களின் மீது போட்டுப் பார்க்கப்பட்டது. கஹவத்தைக்கு அருகிலுள்ள கொட்டகெத்தனவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 2008 முதல் சில ஆண்டுகளுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். பலர் நடுத்தர வயதைக் கடந்தவர்கள். 2012 ஜூலையில் ஒரு தாயும் மகளும் ஒரே நேரத்தில் கொல்லப்பட்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. மேலதிக பொலிஸார் குவிக்கப்பட்டார்கள், மரபணுப் பரிசோதனைகள் நடந்தன, வெவ்வேறு கொலைகளுக்கு வெவ்வேறு சந்தேகநபர்கள் கைதானார்கள். ஆனால் ஊரின் பேச்சில் கொலையாளி ஒருவன்தான். அவன் மனிதனா என்பதிலேயே பலருக்குச் சந்தேகம்.

2011 ஆகஸ்டில் 'கிறீஸ் பூதம்' பற்றிய பீதி நாடெங்கும் பரவியபோது, கஹவத்தைக் கொலைகளும் அந்தக் கதையோடு சேர்ந்து பேசப்பட்டன. உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு பெண்களைத் தாக்கும் மர்ம மனிதன் என்ற அந்தக் கதை, மாலையானதும் தோட்டங்களைப் பூட்டிவைத்தது. பெண்கள் தனியே மலைக்குப் போகவும் பால் வெட்டவும் அஞ்சினார்கள், ஆண்கள் இரவிரவாகக் காவலிருந்தார்கள். இரத்தினபுரி மாவட்டத்துக்கு அடுத்திருக்கும் ஹப்புத்தளைப் பகுதியில், தோட்டமொன்றில் இரண்டு பேர் அடித்தே கொல்லப்பட்டார்கள். புத்தளத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கூட்டத்தால் கொல்லப்பட்டார். பூதம் யாரையும் கொன்றது நிரூபிக்கப்படவில்லை. பூதத்தைத் தேடியவர்கள் கொன்றது மட்டும் நடந்தது.

பூதக் கதையை நம்பியவர்களை அறிவில்லாதவர்கள் என்று ஒதுக்குவது எளிது. ஓல்போர்ட்டும் போஸ்ட்மனும் சொன்ன இரண்டாவது பாதியைப் பார்க்க வேண்டும். சப்ரகமுவவில் தமிழ்த் தோட்ட மக்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறு சிறு தொகுதிகளாக வாழ்கிறார்கள். பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட, என்ன எழுதியிருக்கிறது என்று விளங்காமலே கையொப்பமிட்டு வருவது பலருக்கும் பழகிப்போன அனுபவம். விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தமிழில் சொல்ல ஆளில்லை. உயிர்ப் பயம் ஒரு பக்கம், தகவல் இல்லாமை மறு பக்கம். அந்த இடைவெளியில்தான் பூதம் நுழைந்தது.

மனிதர் செய்யும் குற்றத்தை மனிதரல்லாத ஒன்றின் மேல் போடும் கதை நமக்குப் புதிதுமல்ல. 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு' இன்றும் பலருக்கு நினைவிருக்கிறது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய அந்தத் தொடரில், ஊரில் நடக்கும் கொலைகளைக் காவல் தெய்வமான கருப்பு கொடுத்த தண்டனை என்று ஊர் நம்புகிறது. தெய்வம் கொன்றது என்றால் மேற்கொண்டு யாரையும் கேட்கத் தேவையில்லை. தெய்வம், பூதம், "அவள் நடத்தை சரியில்லை" என்ற பேச்சு ஆகிய மூன்றும் செய்யும் வேலை ஒன்றுதான்: விசாரணையைத் தொடங்கும் முன்பே முடித்துவைப்பது.

தோட்டத்தில் ஓர் இளம் பெண் திடீரென இறந்தால் முதலில் எழும் கேள்விகளைக் கவனித்தால் இது புரியும். யாரோடு கதைத்தாள், தொலைபேசியில் யாருடைய படம் இருந்தது, கொழும்பில் வேலைக்குப் போன இடத்தில் என்ன நடந்தது. மரண விசாரணை அறிக்கை என்ன சொல்கிறது என்ற கேள்வி கடைசியில்தான் வரும், பல நேரம் வராமலே போகும். வழக்குப் போட நினைக்கும் பெற்றோரும் "பிள்ளையின் பெயர் கெட்டுவிடும்" என்று பின்வாங்குகிறார்கள். வதந்தியால் குற்றவாளிக்குக் கிடைக்கும் நேரடியான பலன் இது.

இந்த அளவுகோலால் பார்த்தால் 'வதந்தி'யின் பலமும் குறையும் இடம் மாறுகின்றன. முடிவு சாதாரணமாக இருப்பது பெரிய குறையாகத் தோன்றவில்லை. ஊர் கட்டிய கதைகள் அத்தனையும் பெரிதாக இருக்க, உண்மை அவற்றில் எதற்கும் பொருந்தாமல் போவதே தொடரின் வாதத்துக்குப் பொருத்தமானது. உண்மையான குறை வேறு. வதந்தியைக் கண்டிக்கும் தொடர், ஒவ்வொரு வதந்தியையும் அழகான ஒளிப்பதிவோடும் இசையோடும் காட்சியாக்கி நம்மை ரசிக்க வைக்கிறது. வெலோனி தன் பக்கத்திலிருந்து வாழ்ந்து காட்டுவதற்குக் கிடைக்கும் நேரம், மற்றவர்கள் அவளைப் பற்றிச் சொல்வதற்குக் கிடைக்கும் நேரத்தை விட மிகக் குறைவு. நாமும் அவள் மீதான அக்கறையால் அல்ல, அடுத்த வதந்தி என்ன என்ற ஆவலால்தான் அடுத்த எபிசோடுக்குப் போகிறோம். தொடர் நீளம் என்று அலுத்துக்கொண்டவர்கள் இந்த இடத்தைத் தொட்டிருக்கிறார்கள், காரணத்தைத்தான் வேறாகச் சொன்னார்கள்.

கொட்டகெத்தனவைப் பற்றி எழுதிய செய்திகளிலும் இதே குறை இருந்தது. இத்தனையாவது கொலை, இத்தனையாவது பெண் என்று எண்ணிக்கை தலைப்பானது. அந்தப் பெண்கள் என்ன வேலை செய்தார்கள், ஏன் தனியே இருந்தார்கள், முன்பு பொலிஸில் முறைப்பாடு எதுவும் செய்திருந்தார்களா என்பவை பெரும்பாலும் எழுதப்படவில்லை. அடுத்த கொலையைத் தடுக்க உதவியிருக்கக்கூடிய தகவல்கள் அவைதான்.

ஆகவே அடுத்த முறை ஒரு கொலைத் தொடரைப் பார்த்து முடித்தவரிடம் "கடைசி எப்படி?" என்று கேட்பதோடு, இன்னொன்றையும் கேட்கலாம்: செத்தவரைப் பற்றி உங்களுக்கு இப்போது என்ன தெரியும்? பதில் சொல்ல அவர் தடுமாறினால், அந்தத் தொடரின் குறை முடிவில் மட்டும் இல்லை.