வலியை மறந்த பாதம்

மாணவ நண்பர்களே, பொங்கலுக்கு மறுநாள் நீங்கள் பழையசீவரம் சென்றதுண்டா? காஞ்சி வரதராசப் பெருமாள் பார்வேட்டைக்காக அவ்வூர் மலைக்கு எழுந்தருளும் நாள் அது. கூட்டத்தோடு நீங்களும் வெறுங்காலுடன் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூரிய கல் ஒன்று உள்ளங்காலில் குத்துகிறது. எண்ணிப் பார்க்கும் முன்பே காலைத் தூக்கிவிடுகிறீர்கள்.

பின்னால் வரும் தாத்தாவும் அதே கல்லை மிதிக்கிறார். அவருக்குப் பல்லாண்டுகளாக நீரிழிவு நோய். அவர் காலைத் தூக்கவில்லை. வீடு திரும்பியபின் தரையில் இரத்தத் தடத்தைக் கண்டு பாட்டிதான் பதறுகிறார். தாத்தாவின் மன உறுதியா இதற்குக் காரணம்? இல்லை. கல் குத்திய செய்தி அவரது முதுகுத்தண்டை எட்டவே இல்லை.

ஒரு மீட்டர் நீள உயிரணு

உயிரணு என்றாலே நுண்ணோக்கியில் மட்டும் தெரிவது என்று எண்ணுகிறோம். ஆனால், கால்விரலிலிருந்து முதுகுத்தண்டு வரை செல்லும் நரம்பிழை ஏறத்தாழ 1 மீட்டர் நீளம். அது ஒரே உயிரணுவின் பகுதி! அதில் செல்லும் மின்துடிப்பு, செம்புக் கம்பியில் பாயும் மின்னோட்டம் போன்றதன்று. சோடியம், பொட்டாசியம் அயனிகள் இழையின் சவ்வைக் கடந்து உள்ளும் புறமும் செல்வதால் துடிப்பு படிப்படியாக நகர்கிறது. கொழுப்பு உறை போர்த்திய இழைகளில் வேகம் மிகுதி. உறையற்ற மெல்லிய இழைகளிலோ நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர்தான். வாசற்படியில் கால்விரலை இடித்துக்கொண்டால் முதலில் ‘சுரீர்’ என்றும், சற்றுப் பின்னர் ‘விண் விண்’ என்றும் வலிப்பது இதனால்தான்.

இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்திருந்தால், நரம்புக்கு ஊட்டம் தரும் நுண்குழாய்கள் பழுதடைகின்றன, நரம்பிழையும் சிதைகிறது. இழைக்கு வேண்டிய பொருள்கள் முதுகுத்தண்டின் அருகிலுள்ள உயிரணு உடலிலிருந்தே வரவேண்டும். ஆகவே மிக நீண்ட இழையின் கடைக்கோடி முதலில் வாடுகிறது. கால்விரல்கள் மரத்துப்போவதும், சிலருக்கு இரவில் பாதம் எரிவதும் இதன் அறிகுறிகள். வியர்வையைத் தூண்டும் நரம்புகள் கெட்டால் தோல் வறண்டு வெடிக்கும். இதயம், இரைப்பை ஆகியவற்றின் நரம்புகளும் பாதிக்கப்படலாம்.

பூட்டைத் திறந்த சிறுவன்

வலி இல்லாவிட்டால் நல்லதுதானே என்று கேட்கிறீர்களா? கொல்லிமலையில் 1914-இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. தொழுநோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதாகத் திறந்துவிட்டான். அவன் விரலில் எலும்பு தெரியுமளவுக்குக் காயம். அவனோ அதை உணரவில்லை! தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி உணர்வு இல்லாததால் காயப்பட்டே அழிகின்றன என்று பிராண்ட் கண்டார். 1966-இல் அமெரிக்கா சென்றபின், நீரிழிவு நோயாளரின் பாதங்களிலும் இதே கதையைக் கண்டார். நோய்கள் வேறு; இழந்த காவலன் ஒருவனே.

நீங்களே செய்து பாருங்கள்

மருத்துவர்கள் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கால் பெருவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையாலும் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். உங்களுக்குக் கருவி வேண்டாம், விரல் போதும். தாத்தாவைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஓரிரு நொடி மென்மையாகத் தொடுங்கள். அழுத்தவோ தேய்க்கவோ கூடாது. ஆறு தொடுதல்களில் இரண்டோ மேலோ அவருக்குத் தெரியவில்லை என்றால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாள்தோறும் அவர் உள்ளங்காலைப் பாருங்கள். செருப்பை உதறித் தாருங்கள். இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கேட்டின் வேகம் குறையும்.

பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் உள்ள திருமுக்கூடலில், 11-ஆம் நூற்றாண்டில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை இருந்ததைக் கோயில் கல்வெட்டு கூறுகிறது. அன்றும் இன்றும் வலிக்கிறது என்பவர்தாம் மருத்துவமனையைத் தேடிச் செல்கிறார். வலியை மறந்த பாதம் வாய் திறக்காது. அதற்காகப் பேசவேண்டியவர் நீங்கள்தாம்.