சோளக்காட்டுச் சந்தையும் ஊராட்சிக் கல்லாவும்

உள்ளாட்சி வரவு செலவு – 9

காரவள்ளியில் ஏறத் தொடங்கி, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்தால் சோளக்காடு. கொல்லிமலையின் தலைவாசல் என்று அந்த ஊரைச் சொல்லலாம். பலாப் பருவத்தில் சந்தை கூடும் நேரத்துக்குப் போய் நின்று பாருங்கள். தலைச்சுமையாகவும் மினி வேனிலும் பலாப்பழங்கள் வந்து இறங்கியபடி இருக்கும். ஒரு பக்கம் வாழைத்தார், இன்னொரு பக்கம் அன்னாசி, சாக்கில் மிளகு. கீழ்நாட்டு வியாபாரி பழத்தைத் தட்டிப் பார்ப்பார், காம்பை முகர்வார், ஒரு விலை சொல்வார். விளைவித்தவர் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்வார். பழத்தைத் திரும்பச் சுமந்துகொண்டு போக முடியாது என்பது இருவருக்குமே தெரியும். லாரி நிறைந்ததும் இறங்கிவிடும். தரையில் பலாச் சடையும் வாழைச் சருகும் பிளாஸ்டிக் கப்பும் கிடக்கும்.

அந்தக் குப்பையைக் கூட்டி அள்ளுகிறவர் ஊராட்சியின் தூய்மைக் காவலர். பெரும்பாலும் பெண். அவருடைய சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு போனால் ஊராட்சி நிதியின் மொத்தக் கதையும் விளங்கிவிடும்.

சென்ற வாரம் மலையடிவாரத்தைப் பார்த்தோம். 2024-இல் நாமக்கல் மாநகராட்சியானதையும், அதோடு சேர்க்கப்பட்ட ஊராட்சி மக்களுக்குச் சொத்து வரி பற்றியும் நூறு நாள் வேலை பற்றியும் வந்த அச்சத்தையும் பேசினோம். மலைமேல் மாநகராட்சியும் இல்லை, நகராட்சியும் இல்லை, ஒரு பேரூராட்சிகூட இல்லை. வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, அரியூர்நாடு, தின்னனூர்நாடு, சேலூர்நாடு என்று நாட்டுப் பெயர் தாங்கிய 14 கிராம ஊராட்சிகள். அவற்றுக்கு மேலே, செம்மேட்டில், கொல்லிமலை ஊராட்சி ஒன்றியம். 2011 கணக்கெடுப்பில் மலையின் மக்கள்தொகை சுமார் 40 ஆயிரம், அநேகமாக எல்லோரும் மலையாளிப் பழங்குடியினர். 250-க்கும் மேற்பட்ட சிற்றூர்களில் சிதறி வாழ்கிறார்கள்.

இந்தச் சிதறலில்தான் செலவுக் கணக்கு தொடங்குகிறது. சமவெளியில் ஒரு தெருவில் 150 வீடு இருக்கும். தூய்மைக் காவலர் ஒருவர் 150 வீட்டுக்கு என்ற அரசின் அளவு அங்கே பொருந்தும். மலையில் அந்த 150 வீட்டைத் தொட ஒரு மேடு ஏறி, ஒரு ஓடை தாண்டி, இன்னொரு மேடு ஏற வேண்டும். ஆனாலும் சம்பளம் ஒன்றுதான். மாதம் 3,600 ரூபாயாக இருந்ததை 2023-இல் 5,000 ஆக்கினார்கள். ஒரு நாளைக்கு 170 ரூபாய்கூட வரவில்லை. கொல்லிமலைக்கு ஆடிப்பெருக்கின்போது எத்தனை வண்டி ஏறுகிறது என்று பார்த்தவர்கள், அதையொட்டி நடக்கும் வல்வில் ஓரி விழா முடிந்த மறுநாள் காலையில் யார் குனிந்து அள்ளுகிறார்கள் என்பதையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி இயக்குநரின் வேலையும் இப்படித்தான். மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போட்டு ஏற்றுவது, வால்வு திறந்து ஊர் ஊராக முறைவைத்து விடுவது, மழைக்காலத்தில் குழாய் பெயர்ந்தால் தேடிப் போய் ஒட்டுவது. “ஏம்ப்பா, எங்க பக்கம் எப்ப தொறப்பே?” என்று பெரியம்மாக்களும் அக்காக்களும் கேட்கிற கேள்விக்கு அன்றாடம் பதில் சொல்கிற ஒரே அரசாங்கம் அவர்தான். மின்சாரம் தடைப்பட்டாலும் மோட்டார் எரிந்தாலும் திட்டு அவருக்குத்தான் விழும். மோட்டாரைச் சரிசெய்யும் பணம் அவர் கையில் இல்லை, பல நேரம் ஊராட்சியின் கையிலும் இல்லை.

ஊராட்சியின் கையில் என்னதான் இருக்கிறது? எந்த ஊராட்சிச் செயலரைக் கேட்டாலும் மூன்று வங்கிக் கணக்குகளைச் சொல்வார். முதல் கணக்கு பொது நிதி. வீட்டு வரி, தொழில் வரி, கட்டணங்கள், மாநில அரசின் மானியம் எல்லாம் இதில் சேரும். இரண்டாம் கணக்கு மின் கட்டணத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியக் கட்டணத்துக்கும் மட்டும். அரசு மானியத்தில் ஒரு பங்கு நேராக அங்கே போய்விடும், வேறு எதற்கும் எடுக்க முடியாது. மூன்றாம் கணக்கு திட்ட நிதி. வீடு, சாலை, கழிப்பறை என்று எந்தத் திட்டத்துக்கு வந்ததோ அந்தத் திட்டத்தோடு தீர்ந்துவிடும். ஒரு மன்றம் உட்கார்ந்து இதற்கா அதற்கா என்று யோசித்துச் செலவழிக்கக்கூடியது முதல் கணக்கில் உள்ள பணம்தான். அதிலும் சம்பளம் போக மிஞ்சுவதுதான்.

மத்திய நிதிக் குழு மானியத்திலும் கட்டு உண்டு. 15-ஆவது நிதிக் குழுவின் மானியத்தில் 2021-க்குப் பிறகு 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என ஒதுக்கப்பட்டது. குடிநீர் முக்கியம், மறுப்பதற்கில்லை. ஆனால் சோளக்காட்டுச் சந்தைக்கு ஒரு கூரை வேண்டும், விளைபொருளைக் கீழே அனுப்பக் காத்திருக்கும் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும், இரண்டில் எது முதலில் என்று அந்த ஊர் தன் பணத்தை வைத்துத் தானே முடிவு செய்ய அந்தக் கணக்கில் இடம் மிகக் குறைவு.

சொந்த வரி வருமானத்துக்கு வருவோம். வீட்டு வரி ரசீது ஒன்றை எடுத்துப் பாருங்கள். கூரை ஓலையா, ஓடா, கான்கிரீட்டா, பரப்பு எவ்வளவு என்பதை வைத்து வரி போடுவார்கள். அதன்மேல் பத்தில் ஒரு பங்கு நூலக வரி. 1948-இல், சுதந்திர இந்தியாவில் முதலாவதாக, சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின் வழி வந்தது அது. ஊராட்சி அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்ட வேண்டும். மலையில் சாமையும் தினையும் விளைந்த காடுகள் மரவள்ளிக்கு மாறிய பிறகு ரொக்கம் புழங்கத் தொடங்கியது, பல ஊர்களில் ஓலைக் கூரை போய் கான்கிரீட் வந்தது. வரிப் புத்தகத்திலும் அந்த மாற்றம் தெரியும். ஆனாலும் ஓர் ஆண்டில் ஒரு வீட்டிலிருந்து வரும் வரி மிகச் சிறியது. வரி கட்டக்கூடிய வீடுகளும் மற்ற ஊர்களைவிடக் குறைவு.

தொழில் வரி ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், வங்கிப் பணியாளர்கள், கடைக்காரர்களிடமிருந்து வருகிறது. இதில் ஒரு பெரிய அநியாயம் ஒளிந்திருக்கிறது. அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவு, ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக்கூடாது என்கிறது. 1988-இல் திருத்தி வைத்த தொகை அது. அன்று ஒரு மேலதிகாரியின் மாதச் சம்பளம் என்ன, இன்று என்ன? 14-ஆவது நிதிக் குழு இதை 12,000 ஆக்கச் சொன்னது. 15-ஆவது நிதிக் குழு 18,000 ஆக்கச் சொன்னது. இரண்டு பரிந்துரையும் வந்து போயின, 2,500 அப்படியே நின்றது. சம்பளம் வாங்குகிறவர்கள் தாங்கக்கூடிய ஒரு வரியை நாடாளுமன்றம் 1988-இல் பூட்டி வைத்துவிட்டு, ஊராட்சிகள் சொந்த வருமானத்தைப் பெருக்கவில்லை என்று குறை சொல்வது எந்த வகையில் நேர்மை?

குறை சொல்வதற்கு எண்கள் இருக்கின்றன. 2024 ஜனவரியில் ரிசர்வ் வங்கி இந்திய ஊராட்சிகளின் நிதிநிலை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022-23-இல் ஓர் ஊராட்சியின் சராசரி சொந்த வரி வருமானம் 21,000 ரூபாய். வரியல்லாத சொந்த வருமானம் 73,000. மத்திய அரசிடமிருந்து வந்த மானியம் சுமார் 17 லட்சம். ஒப்பிட்டுப் பாருங்கள்: ஸ்வீடனில் சம்பளக்காரர் தன் வருமானத்தில் சராசரியாக 32 சதவீதத்தை உள்ளூர் நகராட்சிக்கும் மாகாண மன்றத்துக்கும் வரியாகக் கட்டுகிறார், பள்ளிக்கூடமும் முதியோர் பராமரிப்பும் மருத்துவமனையும் அந்தப் பணத்தில் நடக்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துக் கேரளம் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத்தின் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்து, நீங்களே திட்டமிடுங்கள் என்றது.

தமிழ்நாட்டில் மாநில நிதிக் குழு மானியத்துக்குப் பெரிய அளவுகோல் மக்கள்தொகைதான். ஆண்டுக்கு ஊராட்சிக்குக் குறைந்தது 7 லட்சம் ரூபாய் என்றொரு தளம் உண்டு. சிறிய ஊராட்சிகளுக்கு அது உண்மையிலேயே பெரிய ஆதரவு, பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால் மோட்டார் எத்தனை அடி உயரத்துக்குத் தண்ணீர் தள்ளுகிறது, ஒரு தெருவிளக்கை மாற்ற ஆள் எத்தனை கிலோமீட்டர் நடக்கிறார் என்பதைத் தலைக்கணக்கு பார்ப்பதில்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் சமவெளிக் கிராமங்கள் 10 சதவீதப் பங்குத்தொகை தர வேண்டும் என்றால், மலைக் கிராமங்களும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் பாதிக்கு மேல் வாழும் கிராமங்களும் 5 சதவீதம் தந்தால் போதும் என்று வைத்தார்கள். மலைக்கு வேறு கணக்கு வேண்டும் என்று அந்தத் திட்டத்துக்குப் புரிந்திருக்கிறது. அது கட்டுமானத்துக்கு மட்டும். கட்டிய பிறகு ஆண்டாண்டுக்கு ஓட்டுவது ஊராட்சியின் பாடு.

சந்தைக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் பொதுச் சந்தைகளை ஏலம் விட்டுக் குத்தகை வசூலிப்பது பழைய வழக்கம். சந்தைகளை ஊராட்சிச் சந்தை, ஒன்றியச் சந்தை என்று வகைப்படுத்தும் அதிகாரமும் சட்டத்தில் இருக்கிறது. எந்த வகையில் சேர்கிறது என்பதைப் பொறுத்து வருமானம் போகும் கல்லா மாறும். அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணை உள்ளாட்சிக்கு உரியவை என்று காட்டும் 29 பொருள்களில் சந்தையும் ஒன்று. ஆனால் கொடுப்பதும் கொடுக்காததும் மாநிலத்தின் விருப்பம்.

பழங்குடி மக்களுக்கு இதைவிட உறுதியான ஒரு சட்டம் இந்தியாவில் இருக்கிறது. 1996 டிசம்பரில் வந்த, பட்டியல் பகுதிகளுக்கான ஊராட்சி விரிவாக்கச் சட்டம், பெசா. கிராமச் சந்தைகளை நிர்வகிக்கும் அதிகாரம், சிறு வன விளைபொருள்களின் உரிமை, உள்ளூர்த் திட்டங்கள் மீதும் பழங்குடித் துணைத் திட்டப் பணம் மீதும் கட்டுப்பாடு, இவற்றைக் கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் அது தருகிறது. ஆனால் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். அப்படிப்பட்ட பகுதிகள் உள்ள மாநிலங்கள் 10. தமிழ்நாட்டில் ஓர் அங்குலம்கூட அறிவிக்கப்படவில்லை. ஆந்திரத்தின் பாடேரு மலையில் ஒரு பழங்குடிக் கிராமம் தன் சந்தையின் மேல் சட்டப்படி கேட்கக்கூடிய உரிமையை, கொல்லிமலையில் கேட்க முடியாது. கொல்லிமலை அடங்கிய சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதியைப் பழங்குடியினருக்கு ஒதுக்கியிருக்கிறோம். தொகுதிக்குப் பொருந்திய நியாயம் சந்தைக்கு ஏன் பொருந்தவில்லை என்று மாநிலத்தில் ஆண்ட கட்சிகள் எல்லாமே பதில் சொல்ல வேண்டும்.

சுற்றுலாவும் இந்தக் கேள்விக்குள்தான் வருகிறது. ஆகாய கங்கை அருவிக்கு வனத்துறை கட்டணம் வாங்குகிறது. விடுதி அறைக்கு ஜி.எஸ்.டி. உண்டு, அது மத்திய, மாநில அரசுகளுக்கு. ஊராட்சிக்கு அந்தக் கட்டடத்தின் வரியும் ஒரு தொழில் வரியும். குப்பை முழுவதும் ஊராட்சிக்கு.

இத்தனை நெருக்கடியிலும் உட்கார்ந்து பேச ஒரு மன்றமாவது இருக்க வேண்டும். ஊராட்சி மன்றத் தலைவரின் மாத மதிப்பூதியம் நெடுங்காலம் 1,000 ரூபாயாக இருந்து, பிறகு 2,000 ஆனது. அந்தத் தொகைக்கு, காசோலையில் துணைத் தலைவரோடு சேர்ந்து கையெழுத்திட்டு, தணிக்கைக்குப் பதில் சொல்லி, மாவட்ட ஆட்சியர் நினைத்தால் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவின்கீழ் பதவி பறிபோகும் நிலையில் ஒருவர் வேலை செய்தார். அந்த மன்றமும் தொடர்ந்து இருந்ததில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. இடையில் மூன்று ஆண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று மத்திய நிதிக் குழு மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அடுத்த பதவிக்காலமும் முடிந்தது, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். 14 நாட்டு மன்றங்களின் அதிகாரமும் செம்மேட்டு ஒன்றிய அலுவலகத்தின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. மரபுத் தலைவர்களான ஊர்க்கவுண்டரும் பட்டக்காரரும் கூடி வழக்குப் பேசி முடித்த நீண்ட பழக்கம் உள்ள மக்கள் இவர்கள். கூடிப் பேசத் தெரியாதவர்கள் அல்லர். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்ற அரசியல் சட்டக் கட்டளையை இரண்டு முறை மீறியது கோட்டையில் இருப்பவர்கள்.

மன்றம் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என நான்காக இருந்தது, 2022-இல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ஐயும் உள்ளாட்சிகள் தினமாக நவம்பர் 1-ஐயும் சேர்த்து ஆறானது. 501 முதல் 3,000 பேர் உள்ள ஊராட்சியில் 100 பேர் வர வேண்டும், 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர். சிதறிய சிற்றூர்களிலிருந்து அத்தனை பேர் நடந்து வருவது லேசான காரியம் இல்லை. வருகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படிவம் 30-ஐக் கேட்டு வாங்குங்கள். ஊராட்சியின் வரவு செலவுச் சுருக்கம் அது. சபையில் வைத்தாக வேண்டும். அதில் முதலில் பார்க்க வேண்டிய வரிகள் மூன்று. வீட்டு வரியில் கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு. சந்தையிலிருந்தும் குத்தகைகளிலிருந்தும் வந்த தொகை ஏதாவது இருக்கிறதா, இல்லையென்றால் எந்த அலுவலகத்தில் இருக்கிறது. தொட்டி இயக்குநருக்கும் தூய்மைக் காவலருக்கும் எத்தனை மாதச் சம்பளம் கொடுக்கப்பட்டிருக்கிறது. பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

(தொடரும்)