முதுகு வலியா? ரத்தத்தையும் கொஞ்சம் பாருங்கள்!

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ‘வாயுப் பிடிப்பு’ என்று ஒதுக்கிவிடும் வலிக்குப் பின்னால் சில சமயம் ஒளிந்திருக்கும் மைலோமா என்ற நோயைப் பற்றி...

தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்துக்கு ‘சானடோரியம்’ என்று ஏன் பெயர் வந்தது தெரியுமா? டாக்டர் சௌரி முத்து என்பவர் 1928-ல் காசநோயாளிகளுக்காக அங்கே ஒரு மருத்துவமனையை ஆரம்பித்தார். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அதனால்தானோ என்னவோ, இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு டி.பி.யைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது நுரையீரலில் மட்டுமல்ல, முதுகெலும்பிலும் வரும் என்பதுகூடப் பலருக்குத் தெரியும்.

தெரியாதது இன்னொன்று. விடாத முதுகு வலி, உடம்பு இளைப்பது, சோர்வு, எகிறிப்போன ஈ.எஸ்.ஆர்... அப்படியே டி.பி. மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வருகிற ஒரு ரத்தப் புற்றுநோய் இருக்கிறது. அதன் பெயர் மல்டிபிள் மைலோமா. அடிக்கடி வருகிற வியாதி இல்லை; அபூர்வம்தான். அபூர்வம் என்பதாலேயே யாருக்கும் சட்டென்று ஞாபகம் வருவதில்லை. ஆபத்தும் அங்கேதான்.

ஒரே சரக்கு, ஓயாத உற்பத்தி

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் ‘பிளாஸ்மா செல்’ என்று ஒரு வகை அணு உண்டு. கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைத் தயாரிப்பது இதன் வேலை. தாம்பரம் மெப்ஸ் வளாகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு பொருள் தயாராகிறது இல்லையா? அதுபோல ஒவ்வொரு பிளாஸ்மா செல்லும் ஒவ்வொரு வகைப் புரதம் செய்யும்.

திடீரென்று ஒரே ஒரு கம்பெனி மட்டும் மற்றவர்கள் இடத்தையெல்லாம் வளைத்துப்போட்டு, யாருக்கும் உதவாத ஒரே சரக்கை இரவு பகலாகத் தயாரித்துத் தள்ளினால்? அதுதான் மைலோமா. மஜ்ஜையில் இடம் போய்விடுவதால் ரத்தம் ஊறுவது குறைகிறது. எலும்பு அரிக்கப்பட்டு, அதிலுள்ள கால்சியம் ரத்தத்தில் கலக்கிறது. உதவாத புரதம் சிறுநீரகத்தில் போய் அடைக்கிறது. நல்ல புரதம் குறைவதால் சளி, நிமோனியா என்று மாறி மாறி வருகிறது.

இந்தப் புரதம் முதலில் கண்ணில் பட்டது 1845-ல், லண்டனில். எலும்பு வலியால் துடித்த 45 வயது வியாபாரி ஒருவரின் சிறுநீரைச் சோதித்தார் டாக்டர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ். சூடாக்கினால் கரைந்தது, ஆறினால் மறுபடி உறைந்தது! இன்றும் அதற்கு ‘பென்ஸ் ஜோன்ஸ் புரதம்’ என்றுதான் பெயர்.

எப்போது சந்தேகப்படலாம்?

முதுகு வலி என்றதும் பயந்துவிடாதீர்கள். நூற்றில் பெரும்பாலானவை தசைப்பிடிப்பும் தேய்மானமும்தான். ஆனால், வலியோடு இவற்றில் ஏதாவது சேர்ந்துகொண்டால் சும்மா இருக்கக் கூடாது:

* ரத்த சோகை. அதுவும் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ஹீமோகுளோபின்.
* சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லாமலே ஏறும் கிரியேட்டினின்.
* அதிக தாகம், மலச்சிக்கல், குழப்பம். இவை கால்சியம் கூடியதன் அறிகுறிகளாக இருக்கலாம்.
* லேசாகக் குனிந்ததற்கே, இருமினதற்கே எலும்பு முறிவது.
* ராத்திரி படுத்தாலும் விடாத வலி.

மேலை நாடுகளில் இது பெரும்பாலும் 70 வயதை ஒட்டி வருகிறது. நம் நாட்டிலோ ஐம்பதுகளிலேயே நிறையப் பேருக்கு வருகிறது. “எனக்கென்ன வயசாயிடுச்சு?” என்று தள்ளிப்போட வேண்டாம்.

மாத்திரை போட்டு ஓட்டாதீர்கள்

“ஜி.எஸ்.டி. ரோடுல தினம் ஸ்கூட்டர் ஓட்டறேன், அதான் வலி” என்று நாமே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவோம். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோம். மைலோமாவில் ஏற்கெனவே தத்தளிக்கும் சிறுநீரகத்துக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் பெரிய எதிரி. அதேபோல, காரணம் தெரியாத முதுகு வலிக்கு யாரையாவது ஏறி மிதிக்கச் சொல்வதும், நெட்டி முறிப்பதும் வேண்டாம். அரித்துப்போன எலும்பு நொறுங்கிவிடும்.

கால் மரத்துப் போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் பிரியாமல் நின்றாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்டுவடம் நசுங்கினால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

என்ன டெஸ்ட்?

முதல் படி சாதாரண டெஸ்ட்டுகள்தான்: ஹீமோகுளோபின், ஈ.எஸ்.ஆர்., கிரியேட்டினின், கால்சியம், மொத்தப் புரதம். இதில் ‘குளோபுலின்’ மட்டும் தனியாக உயர்ந்திருந்தால் ஒரு துப்பு கிடைத்த மாதிரி. அடுத்து ‘சீரம் எலக்ட்ரோஃபோரிஸிஸ்’ என்ற ரத்தப் பரிசோதனை. ரத்தத்திலுள்ள புரதங்களை மின்சாரத்தால் பிரித்துப் பார்ப்பார்கள். ஒரே புரதம் குவிந்திருந்தால் வரைபடத்தில் கோபுரம் மாதிரி கூராக நிற்கும். சிலருக்கு இதில் தெரியாமல், ‘ஃப்ரீ லைட் செயின்’ பரிசோதனையில்தான் தெரியும். வழக்கமான சிறுநீர் டெஸ்ட்டில் பென்ஸ் ஜோன்ஸ் புரதம் தப்பிவிடலாம் என்பதையும் ஞாபகம் வையுங்கள். மஜ்ஜையில் 10 சதவிகிதமோ அதற்கு மேலோ கெட்ட பிளாஸ்மா செல்கள் இருந்து, உறுப்புகளும் பாதித்திருந்தால் நோய் உறுதி.

முதுகெலும்பு டி.பி. என்று சொல்லப்பட்டவர்கள், “பயாப்ஸி எடுத்து உறுதி செய்யலாமா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள்.

வேலூரில் படித்தவர் கேட்ட கேள்வி

ஒரு காலத்தில் பிறவி ஊனம் உண்டாக்கியதால் உலகமே தூக்கியெறிந்த மருந்து தாலிடோமைடு. 1999-ல் டாக்டர் சீமா சிங்காலும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் அதையே 84 மைலோமா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வேறு சிகிச்சைகள் கைவிட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குணம் தெரிந்தது! அதன் தம்பிதான் இன்று பரவலாகப் பயன்படும் லெனலிடோமைடு.

இந்த மருந்தோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்த்துத் தருவார்கள். மாதம் 12 நாள், நாளுக்கு 40 மில்லிகிராம் என்பது அந்நாளைய வழக்கம். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்து, மேயோ கிளினிக்கில் பணிபுரியும் டாக்டர் வின்சென்ட் ராஜ்குமார் ஒரு எளிமையான கேள்வி கேட்டார்: இவ்வளவு தேவைதானா?

445 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பழைய அளவு. இன்னொரு பிரிவுக்கு வாரம் ஒரு நாள் மட்டும், அதாவது மூன்றில் ஒரு பங்கு. அதிக மருந்து சாப்பிட்டவர்களில் 79 சதவிகிதம் பேருக்கு நோய் அடங்கியது; குறைவாகச் சாப்பிட்டவர்களில் 68 சதவிகிதம் பேருக்குத்தான். அப்படியானால் ஜெயித்தது எது? ஒரு வருட முடிவில் உயிரோடிருந்தவர்கள் அதிக டோஸில் 87 சதவிகிதம், குறைந்த டோஸில் 96 சதவிகிதம்! ரத்தக்கட்டு, தொற்று போன்ற விளைவுகள் குறைந்ததுதான் காரணம். 2010-ல் வெளியான இந்த ஆய்வு சிகிச்சை முறையையே மாற்றியது. “பவர்ஃபுல்லா குடுங்க டாக்டர்” என்று கேட்கிற நம்மவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

2014-ல் அவர் தலைமையில் நிபுணர்கள் நோயறியும் விதிகளையும் திருத்தினார்கள். அதுவரை எலும்போ சிறுநீரகமோ கெட்ட பிறகுதான் சிகிச்சை. இப்போது, நிச்சயம் கெடும் என்று காட்டும் அறிகுறிகள் இருந்தால் முன்கூட்டியே ஆரம்பிக்கலாம்.

உங்கள் மனதில் எழும் கேள்விகள்

இந்தப் புரதம் இருந்தாலே புற்றுநோயா?

இல்லை. அமெரிக்க ஆய்வு ஒன்றில் 50 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் ரத்தத்தில் இது இருந்தது. அவர்களில் வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்குத்தான் நோயாக மாறுகிறது. மருந்து வேண்டாம், டாக்டர் சொன்ன இடைவெளியில் ரத்தப் பரிசோதனை போதும்.

குணமாகுமா?

பெரும்பாலோருக்கு முழுமையாக ஒழிப்பது இன்னும் கடினம். ஆனால், கட்டுக்குள் வைத்துப் பல வருடங்கள் வாழலாம். உடல்நிலை ஒத்துழைத்தால், நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்துத் திருப்பிச் செலுத்தும் சிகிச்சையும் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் மஜ்ஜை மாற்று சிகிச்சை 1986-லேயே தொடங்கிவிட்டது.

செலவு?

லெனலிடோமைடு, போர்ட்டிசோமிப் இரண்டையும் இந்தியக் கம்பெனிகளே தயாரிப்பதால் வெளிநாட்டைவிட விலை மிகக் குறைவு. அரசுக் காப்பீட்டில் எது கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் அப்பாவோ அம்மாவோ இரண்டு மூன்று மாதமாக முதுகைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்களா? தைலம் தேய்த்தது போதும். பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். “ரத்தத்தையும் பாத்துடலாமா டாக்டர்?” என்று நீங்களே கேளுங்கள்.