இரண்டு பெரிய கட்சிக்கு நடுவே நம்ம சனம்

போன மாதம் பெரட்டுக்களத்தில் ஒரு தம்பி கேட்டார்: "ஐயா, முந்தி நாட்டில இரண்டு பெரிய கட்சிதானே இருந்திச்சு. ஏதாவது ஒன்றில சேர்ந்திருந்தா வேலை முடிஞ்சிருக்குமே. நமக்குத் தனிக் கட்சி எதுக்கு, பேரம் எதுக்கு?"

நல்ல கேள்வி. அந்த இரண்டும் நமக்குச் செய்ததை முதலில் பாருங்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டுவந்தது ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம். அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1964இல் சுதந்திரக் கட்சியின் சிறிமாவோ அம்மையார் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு ஒப்பந்தம் செய்தார். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று முடிவு. அதுவும் விட்டுக்கொடுப்புத்தான். ஆனால் விட்டுக்கொடுத்தது இரண்டு அரசாங்கம், பிரிந்துபோனது நம்ம குடும்பங்கள். கோழியைக் கேட்டா மசாலா அரைப்பாங்க?

கூடுதல் வாக்கு எடுத்தவருக்கே தொகுதி என்ற முறையில் சிறு சனத்துக்கு இடம் குறைவு. 1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறக்குறைய பாதி வாக்கு எடுத்து, 168 ஆசனத்தில் 140ஐப் பிடித்தது. சுதந்திரக் கட்சிக்கு நூற்றுக்கு முப்பது வாக்குப்போல இருந்தும் 8 ஆசனம்தான். பெரிய கட்சிக்கே அந்தக் கதி! தொண்டமான் ஐயா வென்றது நுவரெலியா-மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதி என்பதால்தான். அங்கே அவர் மூன்றாவதாக வந்தார்.

1978இல் அவர் அமைச்சரானார். 140 ஆசனம் உள்ள அரசாங்கத்துக்கு அவருடைய ஒரு கை தேவையில்லை. உள்ளே இருந்து பேசினார், காரியம் மெதுவாகத்தான் நகர்ந்தது. 1986 ஜனவரியில் தோட்டங்களில் பிரார்த்தனைப் போராட்டம் நடந்து கொழுந்து எடுப்பது தடைப்பட்ட பிறகுதான் வேகம் பிடித்தது. அந்த வருடமே நாடற்றவர்களுக்கான சட்டம் வந்தது, 1988இல் இன்னொன்று.

1989 முதல் பொதுத் தேர்தல் விகிதாசார முறையில் நடக்கிறது. அதன் வேலை 1994இல் தெரிந்தது. 225 பேர் உள்ள சபையில் 113 வேண்டும். சந்திரிகா அம்மையாரின் முன்னணிக்கு 105. முஸ்லிம் காங்கிரஸ் 7 சேர்ந்தால் 112. குறைந்தது ஒன்று. அந்த ஒன்று நுவரெலியா சுயேச்சைக் குழுவில் வென்ற சந்திரசேகரன். அன்றைக்கு நம்ம ஒரு கைக்கு இருந்த மதிப்பு 1978இல் இல்லை. அதே தேர்தலில் யானைச் சின்னத்தில் வென்ற இ.தொ.கா.வும் பிறகு அந்த அரசாங்கத்துக்கே ஆதரவு கொடுத்தது. "யானைக்குப் போட்ட வாக்கு எங்கே போச்சு?" என்று லயத்தில் சண்டை போட்டவர்களும் உண்டு, அவர்கள் கோபத்தைத் தப்பு என்று சொல்லமாட்டேன்.

2003 ஒக்டோபரில் மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் ஏகமனதாக நிறைவேறியது. இரண்டு பெரிய கட்சியும் கை தூக்கின. என் தாத்தா அப்போது உயிரோடு இல்லை. 1964க்குப் பிறகு அவர் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல் மட்டும் எங்கள் தகரப் பெட்டியில் இருக்கிறது.