கடைசிக் குழாயில் வருவது குடிநீர்தானா?

ஒரு ஊரில் குடிநீர் நிலவரம் எப்படி என்று விசாரித்தால் எத்தனை வீட்டுக்கு இணைப்பு, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர், எவ்வளவு நேரம் என்ற கணக்கு உடனே கிடைக்கும். வந்த தண்ணீர் குடிக்கத் தக்கதா என்ற கணக்கை யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. திருவள்ளூர் மாவட்டத்துத் திருநின்றவூரையே பார்ப்போம்: அது 2021-இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாக உயர்ந்தது. அதை ஒட்டிய பாக்கம், வேப்பம்பட்டு போன்றவை கிராம ஊராட்சிகள். நிர்வாகம் மாறுகிறதே தவிர, நிலத்தடி நீரும் மழையும் வெள்ளமும் எல்லைக்கல் பார்த்து நிற்பதில்லை. 2019 ஆகஸ்ட் 15-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஊரகத்தில் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது. அந்த வாக்குறுதிக்கு இரண்டாம் பாதி ஒன்று உண்டு: அந்த 55 லிட்டரும் நிர்ணயிக்கப்பட்ட தரத்தில், தொடர்ந்து வரவேண்டும். அளவைப் பார்க்கக் குடம் போதும். தரத்தைப் பார்க்கச் சோதனை வேண்டும். அந்தச் சோதனையின் முடிவு ஊர் அறிய வெளியாக வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவதுதான் இன்றைக்கு முதல் வேலை.

தண்ணீர் கெடுவது கிணற்றில் மட்டும் அல்ல, வழியிலும்தான். இந்தப் பகுதிகளில் குழாயில் இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. அப்போது எந்த இணைப்பு கசிகிறதோ அந்த வழியாக வெளியே இருப்பது உள்ளே போகும். பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் வெளியே இருப்பது செப்டிக் டேங்க் கசிவும் கால்வாய்த் தண்ணீரும்தான். தண்ணீர் மேலே ஏறாததால் சில வீடுகளில் வாசலில் பள்ளம் தோண்டித் தரைமட்டத்துக்குக் கீழே குழாயை வைக்கிறார்கள். மழையில் அந்தப் பள்ளம் நிரம்பினால், மூடாத குழாய் அந்த அழுக்கையே திரும்ப உறிஞ்சும். இன்னும் சிலர் தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்துகிறார்கள். அது பக்கத்து வீட்டுத் தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை, மண்ணுக்குள் இருக்கும் சாக்கடையையும் சேர்த்து இழுக்கிறது. ஏரி நிறைந்தால் பெரியார் நகர், முத்தமிழ் நகர் போன்ற தாழ்வான குடியிருப்புகளைத் தண்ணீர் சூழ்வது திருநின்றவூருக்குப் புதிதல்ல. நாள்கணக்கில் தேங்கும் வெள்ளத்துக்கு அடியில் செப்டிக் டேங்கும் போர்வெல்லும் குடிநீர்க் குழாயும் ஒரே குட்டைக்குள் கிடக்கின்றன.

‘தெளிவாக இருக்கிறது, ருசியாக இருக்கிறது, தலைமுறையாகக் குடிக்கிறோம்’ என்பது முதல் மறுப்பு. கண்ணும் நாக்கும் உப்பையும் கலங்கலையும் கண்டுபிடிக்கும்; கிருமியையும் நைட்ரேட்டையும் கண்டுபிடிக்காது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் 10500 என்ற எண்ணில் 2012-இல் திருத்தி வெளியிடப்பட்டது. அதன்படி 100 மில்லி லிட்டர் தண்ணீரில் ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். நைட்ரேட்டுக்கு அப்படிச் சலுகை இல்லை, 45 மில்லிகிராம்தான் எல்லை. கழிவுநீர்க் கசிவாலும் உரத்தாலும் நிலத்தடி நீரில் ஏறும் இந்த நைட்ரேட், பால்குடிக் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்து உடலை நீலமாக்கும். ‘காய்ச்சித்தானே குடிக்கிறோம்’ என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். எனவே எல்லா ஆபத்துக்கும் ஒரே மருந்து கிடையாது. எந்த ஆபத்து இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே மருந்தைத் தேட முடியும்.

இருந்தாலும் நாளைக்கே ஒரு தெருவைப் படுக்க வைக்கக்கூடியது கிருமிதான்; அதற்கான காவலும் மலிவானது. ஊராட்சிகளில் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது பழக்கமான கணக்கு. 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு 120 கிராம், ஒரு டம்ளர் அளவு. பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. வாளித் தண்ணீரில் கூழாகக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றி, குறைந்தது அரை மணி நேரம் விட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும். வாய் கட்டாத மூட்டையில் ஈரம்பட்டுக் கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது. போட்டோம் என்பது உண்மையாகவே இருந்தாலும் பலன் பூஜ்யமாகலாம். அதனால்தான் சோதனையைத் தொட்டியில் முடித்துவிடாமல் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் செய்ய வேண்டும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது தரம். டேங்க் ஆபரேட்டரிடம் இருக்க வேண்டிய குளோரோஸ்கோப்பில் தண்ணீரைப் பிடித்துச் சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். அதைப் பக்கத்திலுள்ள நிற அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும். நிறமே மாறவில்லை என்றால் ஒன்று மருந்து போடவில்லை, அல்லது வழியில் கலந்த அழுக்கு அதைத் தின்றுவிட்டது. இரண்டுமே உடனே தெரிய வேண்டிய செய்தி. குளோரின் வாடை பிடிக்கவில்லை, உடம்புக்குக் கெடுதல் என்ற புகாரும் உண்டு. அளவு மிஞ்சக் கூடாது என்பது சரி. ஆனால் குளோரினின் துணைப்பொருட்களுக்குப் பயந்து கிருமிநீக்கத்தில் சமரசம் செய்யக் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

அளப்பது மட்டும் போதாது, அளந்ததை மறைக்காமல் எழுத வேண்டும் என்பதற்குக் கனடாவின் வாக்கர்டன் சாட்சி. சுமார் 5,000 பேர் வாழ்ந்த விவசாயச் சிற்றூர் அது. 2000 மே மாதத்தில் கனமழைக்குப் பின் மாட்டுச்சாணக் கழிவு ஒரு கிணற்றில் கலந்து, 7 பேர் இறந்தனர், 2,300-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். நீதிபதி டெனிஸ் ஓ'கானர் நடத்திய விசாரணையில் ஒரு பொய் வெளிவந்தது. குடிநீர் ஊழியர்கள் பல ஆண்டுகளாகக் குளோரினைப் போதிய அளவு சேர்க்காமல், நாள்தோறும் அளக்காமல், அளந்ததாகப் பதிவேட்டில் பொய்யாக எழுதி வந்தார்கள். தினமும் அளந்திருந்தால் பாதிப்பு பெருமளவு குறைந்திருக்கும் என்றது அறிக்கை. நம் பக்கத்திலும் பாடம் இல்லாமல் இல்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது. பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் தொட்டியை ஏறிப் பார்த்தார்கள். 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் வாந்தி, வயிற்றுப்போக்கால் முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரே காரணம் என்றார்கள் மக்கள். அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. இப்படி ஒரு சர்ச்சை எழும் நாளில், அதற்கு முந்தைய முப்பது நாளின் கடைசிக் குழாய் அளவுகள் ஊர் பார்க்கும் பலகையில் இருந்தால் விவாதம் வதந்தியில் தொடங்காது.

‘நாங்கள் கேன் தண்ணீர் வாங்கிவிடுகிறோம், குழாய்த் தண்ணீர் பாத்திரம் கழுவத்தான்’ என்பது புறநகரில் அதிகம் கேட்கும் பதில். கழுவிய பாத்திரத்தில்தான் சாப்பிடுகிறோம்; அதே தண்ணீரில்தான் வாய் கொப்பளிக்கிறோம், கீரை அலசுகிறோம், குழந்தையைக் குளிப்பாட்டுகிறோம். கேனும் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் நிரப்பிய தேதியும் இல்லாத கேன், பெயர் போடாத குழாய்த் தண்ணீர்தான். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் உப்பைக் குறைக்கும்; கூடவே குளோரினையும் எடுத்துவிடும். ஆகவே அதில் பிடித்து இரண்டு நாள் வைத்த தண்ணீருக்குக் காவல் இல்லை. இவற்றைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வசதி உள்ளவர் கேனுக்கு மாறிவிட்டால் குழாயைப் பற்றிக் குரல் கொடுக்க ஊரில் ஆள் குறையும். கேன் வாங்க முடியாத தினக்கூலி வீடும் வடமாநிலத் தொழிலாளர் தங்கும் அறையும் அதையே குடித்துக்கொண்டிருக்கும். வரியாக ஒருமுறை, கேனுக்காக மறுமுறை என்று இரண்டு தடவை பணம் கொடுப்பதைச் சாமர்த்தியம் என்று சொல்ல முடியாது.

இந்தக் குரலுக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. சுபாஷ் குமார் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம், மாசற்ற நீரைப் பெறுவதும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. பாதுகாப்பான குடிநீரை மனித உரிமையாக ஐ.நா. பொதுச்சபை 2010-இல் ஏற்றது. ‘எல்லாம் சரி, உள்ளாட்சியில் நிதி இல்லையே’ என்பார்கள். ரத்லம் நகராட்சி இதே பதிலைத்தான் சொன்னது. திறந்த சாக்கடை நாற்றத்தில் வாழ்ந்த ஒரு வார்டு மக்கள் தொடுத்த வழக்கில், 1980-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு, பணமில்லை என்று சொல்லிச் சுகாதாரக் கடமையிலிருந்து நகராட்சி நழுவ முடியாது என்று தீர்ப்பளித்தது. புதிய கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கோடிகள் வேண்டும் என்பது உண்மை. 120 கிராம் பவுடருக்கும் ஒரு குளோரோஸ்கோப்புக்கும் பலகை எழுதும் பெயின்டுக்கும் கோடிகள் வேண்டாம்.

எங்கே போய்க் கேட்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கிராம ஊராட்சி என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளே. திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லாததால் கடமையும் இல்லை என்று ஆகிவிடாது. மனு வட்டார வளர்ச்சி அலுவலர் பெயருக்குப் போகும். ஊராட்சிப் புகாருக்கு 155340, எந்தத் துறைக்கும் முதல்வர் உதவி மையத்தின் 1100 என்ற எண்கள் உண்டு. நகராட்சிப் பகுதியில் வார்டு உறுப்பினர், ஆணையர், பகுதி சபை என்பது வரிசை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் தொட்டி கழுவிய தேதிகளையும் கடந்த ஓராண்டுச் சோதனை முடிவுகளையும் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். அதே சட்டம், பொருட்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கும் உரிமையையும் தருவது பலருக்குத் தெரியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி நாமே சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய புட்டியில் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து, அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்தால் முடிவு செல்லாது. ஒரே தெருவில் பலருக்கு வயிற்றுப்போக்கு என்றால் மனுவுக்குக் காத்திராமல் 104-ஐ அழைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். எதற்கும் நிர்வாகம் அசையாவிட்டால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின் கீழ் கோட்டாட்சியரிடம் பொதுத்தொல்லை மனு போடலாம். ரத்லம் மக்கள் பயன்படுத்திய பழைய சட்டப்பிரிவின் இன்றைய வடிவம் அது.

கேட்டால் டேங்க் ஆபரேட்டருக்குத்தானே நெருக்கடி, சொற்பச் சம்பளத்தில் வேலை பார்ப்பவரை ஏன் வதைப்பது என்று நியாயமாகவே சிலர் தயங்குவார்கள். பதிவேடு அவருக்கும் பாதுகாப்பு. பவுடர் வந்து சேரவில்லை, ஏணி உடைந்திருக்கிறது, மூடி இல்லை என்பதையெல்லாம் அவர் அதில் எழுதினால் பழி மேலே போகும். எழுதாவிட்டால் அவர் தலையிலேயே விழும். நம் பங்கும் இதில் உண்டு. தெருக்குழாயில் மோட்டார் வைத்துவிட்டுச் சாக்கடை வாடை அடிக்கிறது என்று புகார் சொல்ல முடியாது; பள்ளத்துக் குழாயை உயர்த்தாமல் நகராட்சியைக் குறை சொல்லவும் முடியாது. அடுத்த கிராம சபையிலோ பகுதி சபையிலோ ஒரே தீர்மானம் போதும்: ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் ஒரு பலகை, அதில் தொட்டி கழுவிய தேதி, இன்று கடைசிக் குழாயில் அளந்த குளோரின், கடைசி ஆய்வக முடிவு. மூன்று வரிகள். அவற்றைத் தினமும் ஒரு பள்ளிப்பிள்ளை நின்று படிக்க முடிகிற ஊரில் பொய் எழுதுவது கடினம். எழுதாமல் விடுவது அதைவிடக் கடினம்.